கேள்வி – பதில்: காற்றில் மிதக்கும் எண்ணெய் வெடிக்குமா?

கேள்வி: என் மகன் கப்பலில் ஜூனியர் இன்ஜினியர். "கிராங்க்கேஸில் ஆயில் மிஸ்ட் அலாரம் அடித்தால் பக்கத்திலேயே நிற்கக் கூடாது, வெடித்துவிடும்" என்கிறான். இன்ஜின் ஆயிலில் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதானே அணைகிறது? சும்மா பயமுறுத்துகிறானா? – வாசகர், தூத்துக்குடி.

பதில்: இல்லை சார், பையன் சொல்வதுதான் சரி. கிராங்க்கேஸ் என்பது இன்ஜினின் அடியில் கிராங்க் தண்டு சுழலும் மூடிய பெட்டி, ஆயில் மிஸ்ட் என்பது அதற்குள் பனிபோல மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். குச்சி அணையும் என்பதும் சரிதான், ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டாம். எரிவது எண்ணெய் இல்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவி. இன்ஜின் ஆயிலில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி வர 200 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். டப்பாவில் ஃப்ளாஷ் பாயிண்ட் என்று போட்டிருக்கும் எண் அதுதான். அந்த எண்ணைக் கிண்ணத்தில் அசையாமல் இருக்கும் எண்ணெயை வைத்து அளக்கிறார்கள், மிதக்கும் துளிகளுக்கு அது பொருந்தாது.

ஒரு மில்லி எண்ணெயை 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) துளிகளாக உடைத்தால் சுமார் 190 கோடி துளிகள் வரும், மொத்த மேற்பரப்பு ஒரே சொட்டாக இருந்ததைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். இவ்வளவு சின்னத் துளியை ஆவியாக்க முழு எண்ணெயையும் சூடாக்க வேண்டியதில்லை, வருகிற தீயே போகிற போக்கில் ஆவியாக்கி எரித்துக்கொண்டு அடுத்த துளிக்குத் தாவிவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 50 கிராம் எண்ணெய் இப்படி மிதந்தால் போதும். ஏறக்குறைய பெட்ரோல் ஆவிக்கு ஆகும் கணக்கேதான்!

கிராங்க்கேஸுக்குள் எப்போதும் எண்ணெய் தெறித்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அது பெரிய துளி, அதனால் பெரிய ஆபத்தில்லை. ஒரு பேரிங்கோ பிஸ்டனோ உராய்ந்து கண்டபடி சூடேறினால்தான் வினை. அதன்மேல் படும் எண்ணெய் ஆவியாகி, கொஞ்சம் குளிர்ந்த இடத்துக்குப் போனதும் வெள்ளை மூடுபனியாகத் திரளும், அப்படி உருவாகும் துளிகள்தான் 10 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். பனி போதுமான அளவு சேர்ந்ததும் அதைக் கொளுத்திவிடுவதும் பெரும்பாலும் அதே சூடான இடம்தான்.

1947 செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட் அருகே 'ரெய்னா டெல் பசிஃபிகோ' என்ற பயணிகள் கப்பலைப் பழுது பார்த்து முடித்து வெள்ளோட்டம் விட்டார்கள். ஒரு இன்ஜினில் பிஸ்டன் சூடேறியது, அப்புறம் நான்கு இன்ஜின்களின் கிராங்க்கேஸ்களும் வெடித்தன. 28 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பு மூடியைத் திறந்துவிட்டால் அதன் பின்னால் உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று உறிஞ்சப்படும், மிச்சமிருக்கும் பனி புதுக் காற்றோடு கலந்து இரண்டாவது முறை வெடிக்கும், இதுதான் ரொம்ப மோசம். அதனால்தான் இப்போது கிராங்க்கேஸ் கதவுகளில் வெடிப்பு அழுத்தத்தை வெளியே விட்டுவிட்டு உடனே மூடிக்கொள்ளும் வால்வுகள் இருக்கின்றன, தீ வெளியே வராமல் தடுக்கும் வலையும் உண்டு. 2250 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள கப்பல் இன்ஜின்களுக்கு ஆயில் மிஸ்ட் டிடெக்டரோ பேரிங் வெப்பத்தைக் கண்காணிக்கும் கருவியோ கட்டாயம். அலாரத்தைப் பொதுவாக அந்த 50 கிராம் அளவில் வெறும் 5 சதவீதத்திலேயே அடிக்கும்படி வைப்பார்கள், ஆகவே அடித்ததும் வேகத்தைக் குறைத்து, வால்வுகளுக்கு எதிரே நிற்காமல் விலகிப்போக அவகாசம் இருக்கும். என்ன ஆச்சு என்று பார்க்க உடனே கதவைத் திறப்பதுதான் பெரிய முட்டாள்தனம், இன்ஜினை நிறுத்திக் குறைந்தது 20 நிமிடமாவது ஆற விட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் ஹோஸில் ஊசித்துளை அளவு கசிவு. "கெட்டியான எண்ணெய், பற்றாது" என்று சூப்பர்வைசர் மிஷினை ஓட்டச் சொல்கிறார். – வாசகர், ஓசூர்.

பதில்: ஓட்டாதீர்கள். அழுத்தத்தில் ஊசித்துளை வழியாக வருவது சொட்டு இல்லை, ஸ்பிரே. பக்கத்தில் ஃபர்னஸோ வெல்டிங்கோ இருந்தால் கேட்கவே வேண்டாம். 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில், 975 மீட்டர் ஆழத்தில் லிஃப்ட் கூண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு தள்ளுவண்டி, கூண்டு மேலே கிளம்பியதும் அழுத்தத்தில் இருந்த எண்ணெய்க் குழாயையும் மின் கேபிள்களையும் காற்றுக் குழாயையும் சேர்த்து அறுத்துவிட்டது. பீறிட்ட எண்ணெய், தீப்பொறி, ஊதிவிட அழுத்தக் காற்று, மூன்றும் ஒரே இடத்தில். 262 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதன் பிறகுதான் ஐரோப்பியச் சுரங்கங்களில் எளிதில் பற்றாத ஹைட்ராலிக் திரவங்கள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். பம்பை நிறுத்தி ஹோஸை மாற்றச் சொல்லுங்கள். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்த்துவிடாதீர்கள், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் விரலையே எடுக்கும்படி ஆகலாம்.

கேள்வி: லேத் பட்டறை முழுக்கக் கட்டிங் ஆயில் புகைமூட்டம். இதுவும் வெடிக்குமா? – வாசகி, கோவை.

பதில்: பட்டறைக் காற்று வெடிக்காது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் சராசரி, ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது தீப்பற்றும் அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் மூட்டம் அதைவிடப் பல மடங்கு இருந்தாலும் முதலில் கெடுவது நுரையீரல்தான். தண்ணீர் கலந்த வெள்ளைக் கூலண்ட் என்றால் இன்னும் பயமில்லை. ஆனால் கதவு மூடிய, கணினியில் ஓடும் சிஎன்சி மிஷினில் தண்ணீர் கலக்காத எண்ணெய் ஓடினால் கதை வேறு, டூல் உடைந்து இரும்புச் சுருள் பழுத்தால் உள்ளே குப்பென்று பிடிக்கும். அப்போது கதவைத் திறந்து காற்றுக் கொடுக்காமல் மெயினை அணையுங்கள். புகையை இழுக்கும் டக்டில் படிந்த எண்ணெயையும் அடிக்கடி துடைக்கச் சொல்லுங்கள், தீ உள்ளே போனால் கூரை வரை ஓடும் வழி அது.