மாதிரி ரயில்: எந்த ஸ்கேல் கட்டுப்படியாகும்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் வீட்டின் கீழ்த்தளத்தில் மாதிரி ரயில் அமைக்க விரும்புகிறேன். ஸ்கேல், அதாவது அசலோடு ஒப்பிட்ட அளவு விகிதம், சிறியதானால் செலவும் குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எது மலிவு, எது எளிதில் கிடைக்கும்? (ஒரு வாசகர், ஒஹாயோ, அமெரிக்கா)

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதிதான் சரி. உருவம் சிறுத்தால் எஞ்சினில் சேரும் உலோகமும் பிளாஸ்டிக்கும் குறையும். ஆனால் வார்ப்பு அச்சைச் செதுக்குவதற்கும், மோட்டாரையும் பற்சக்கரங்களையும் பிசகின்றிப் பொருத்துவதற்கும், ரயில் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் பெட்டியின் பக்கவாட்டில் துல்லியமாக அச்சிடுவதற்கும் ஆகும் உழைப்பு குறைவதில்லை. எனவேதான் 1:87 அளவுள்ள (அசலில் 87இல் ஒரு பங்கு) எச்.ஓ. எஞ்சினும் 1:160 அளவுள்ள ‘என்’ எஞ்சினும், ஒரே தரத்தில் எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் அடுத்தடுத்த விலையில்தான் விற்கின்றன. அவற்றைவிடச் சிறிய 1:220 அளவுள்ள ‘இசட்’ ஸ்கேலும் மலிவானதன்று.

உண்மையான வேறுபாடு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பும்போதுதான் கணக்கு மாறுகிறது. 85 அடி நீளமுள்ள அமெரிக்கப் பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் சுமார் 30 செ.மீ., ‘என்’னில் 16 செ.மீ., 1:48 அளவுள்ள ‘ஓ’வில் 54 செ.மீ. வரும். எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகையில் எச்.ஓ. அமைத்தால், 18 அல்லது 22 அங்குல ஆரமுள்ள ஒரு வளையமும் இரண்டு மூன்று கிளைப் பாதைகளும் அடங்கும். அந்த வளைவில் நீண்ட பயணிகள் பெட்டி அழகாக ஓடாது என்பதால் குட்டையான சரக்குப் பெட்டிகளோடு நிறுத்திக்கொள்வீர்கள். அதே பலகை ‘என்’ ஸ்கேலுக்கு மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பரப்பாகிவிடுகிறது: இரட்டைப் பாதை போடலாம், பெட்டிகளைப் பிரித்து நிறுத்தும் பல பாதைகள் கொண்ட யார்டு அமைக்கலாம், முப்பது பெட்டிகள் கொண்ட சரக்கு ரயிலை ஓடவிடலாம். அந்த யார்டுக்கு எத்தனை பாயிண்ட்கள் (பாதை பிரியும் தண்டவாளங்கள்), அந்த ரயிலுக்கு எத்தனை பெட்டிகள் என்று கூட்டிப் பாருங்கள். ஒரே பலகையை நிரப்புவதற்கு ‘என்’னில் எச்.ஓ.வைவிட அதிகம் செலவழித்தவர்கள் பலர். பலகையைச் சிறிதாக வைத்துக்கொண்டால் மட்டுமே சிறிய ஸ்கேல் சிக்கனமாகும்.

கிடைப்பதைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் எச்.ஓ.வுக்கு இணை எதுவுமில்லை. எஞ்சின், பெட்டி மட்டுமல்லாமல் கட்டடங்கள், மனித உருவங்கள், மரங்கள், பழுதுபார்க்கும் உதிரிகள் வரை எல்லாமே அந்த அளவில்தான் மிகுதியாக வருகின்றன. ஆத்தர்ன் நிறுவனம் நீலப் பெட்டியில் பல ஆண்டுகள் விற்ற, நாமே கூட்டிச் சேர்க்கும் சரக்குப் பெட்டிகள் பழைய பொருள் சந்தைகளில் இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. பழைய கொக்கிகளைக் கழற்றிவிட்டு கேடி வகை இணைப்புகளை மாட்டினால் அவை புதியவற்றுடன் சேர்ந்தே ஓடும். ‘என்’ ஸ்கேலில் பழையவற்றை வாங்கும்போது சற்று எச்சரிக்கை தேவை: அக்கால எஞ்சின்கள் பலவற்றின் சக்கர விளிம்பு ஆழமானது, ஆகவே கோடு 55 எனப்படும் தாழ்வான தண்டவாளத்தில் அது ஆணித்தலைகளில் இடித்துத் தடதடக்கும்.

1:64 அளவுள்ள ‘எஸ்’ ஸ்கேலின் உருவம் கைக்கு அடக்கமானது. அதை விரும்புவோரின் பற்றும் ஆழமானது. ஆயினும் தயாரிப்பாளர்கள் மிகச் சிலர் என்பதால், வேண்டிய எஞ்சினுக்காகக் காத்திருக்கவும் கட்டடங்களைத் தாமே செய்துகொள்ளவும் ஆயத்தமாக இருப்பவர்களுக்கே அது பொருந்தும். ‘ஓ’வில் இரண்டு உலகங்கள் உள்ளன. லயனல் நிறுவனத்தின், நடுவே மின்சாரத்துக்கென ஒன்று கூடுதலாக உள்ள மூன்று தண்டவாள வகை எளிதில் கிடைக்கிறது. தொடக்கத் தொகுப்புகளின் விலையும் தாங்கக்கூடியதே. இரண்டு தண்டவாள ‘ஓ’வைவிட அழகான மாதிரி இல்லை என்பது என் கருத்து, ஆனால் அதில் ஓர் எஞ்சினுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆவது வழக்கம்.

எந்த ஸ்கேலாயினும் ஒன்றை மறவாதீர்கள். இப்போது பெரும்பாலான எஞ்சின்கள் முன்பதிவின் பேரில் ஒரே தொகுதியாகத் தயாரிக்கப்படுகின்றன. அந்தத் தொகுதி விற்றுத் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று எவராலும் உறுதி சொல்ல இயலாது. ஆகையால் நீங்கள் நேசிக்கும் ரயில் நிறுவனம் எது, அதன் எந்தக் காலம் என்பதை முதலில் முடிவு செய்து, அது எந்த ஸ்கேலில் தொடர்ந்து வருகிறது என்று பார்த்த பிறகே தண்டவாளம் வாங்குங்கள்.

கேள்வி: இங்கே மெர்க்லின் நிறுவனத்தின் பழைய எச்.ஓ. எஞ்சின்கள் நல்ல விலைக்கு வருகின்றன. என்னிடமுள்ள வேறு நிறுவனத்தின் எச்.ஓ. தண்டவாளத்தில் அவை ஓடுமா? (ஒரு வாசகி, ஸ்டுட்கார்ட், ஜெர்மனி)

பதில்: ஓடா. மெர்க்லின் எச்.ஓ. பாதையின் நடுவே வரிசையாக உள்ள சிறு குமிழ்களிலிருந்து எஞ்சின் மின்சாரம் எடுக்கிறது. பிறர் தயாரிப்புகள் பெரும்பாலும் இரு தண்டவாளங்களிலிருந்து எடுக்கின்றன. மெர்க்லின் என்றால் பாதை முழுவதும் மெர்க்லினாக இருக்கட்டும். இடம் குறைவு என்பது உங்கள் கவலையானால் 1:120 அளவுள்ள டி.டி.யைப் பாருங்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய மறைந்துபோன இந்த ஸ்கேல், கிழக்கு ஜெர்மனியில் உள்ளூர்த் தயாரிப்பாளர் இருந்ததால் வீடுதோறும் வேரூன்றியது. இன்று டில்லிக் நிறுவனம் அதைத் தொடர்கிறது. 2022இல் பிரிட்டனின் ஹார்ன்பியும் அதே அளவில் இறங்கியிருக்கிறது.

கேள்வி: நீலகிரி மலை ரயிலை எச்.ஓ.வில் அமைக்க எந்தத் தண்டவாளம் வாங்க வேண்டும்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வழக்கமான எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. பாதைக்கு உரியது. நம் அகலப்பாதையின் 1,676 மி.மீ. அந்த அளவில் 19 மி.மீ.க்கு மேல் வருவதால், அகலப்பாதை ரயில்களை எச்.ஓ. தண்டவாளத்தில் ஓட்டுபவர்கள் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறையைப் பொறுத்துக்கொள்கிறார்கள். நீலகிரி பாதை மீட்டர் கேஜ் (1,000 மி.மீ. இடைவெளி) ஆனதால் உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை: 1:87இல் அது 11.5 மி.மீ. வரும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக ஜெர்மனியின் பெமோ நிறுவனம் விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்கு மிக நெருக்கமானது. இறக்குமதி வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்தால் விலை ஏறத்தான் செய்யும். ஆகவே குன்னூர் நிலையம் போன்ற ஒரே இடத்தை மட்டும் தேர்ந்து, இரண்டு மீட்டர் பாதைக்குள் திட்டமிடுங்கள். பெட்டிகளையும் கட்டடத்தையும் அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் நீங்களே செய்துகொள்ளலாம்.