பரண், மலை ரயில், ஸ்கூட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம், எனக்கு 51 வயசு, ஊரு ஈரோடு. பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான். பொங்கல் அன்னைக்கு ஒரு நோட்டுல மூணு ஆசை எழுதி வச்சேன்: பரணை ஒழிக்கணும், ஊட்டி மலை ரயில்ல போகணும், ஸ்கூட்டி கத்துக்கணும். இதோ ஆடி வந்துடுச்சு, ஒண்ணும் நடக்கலை. முதல்ல வீட்டை ஒழுங்கு பண்ணு, அப்புறம் ஊர் சுத்தலாம்ங்கிறார் வீட்டுக்காரர். எதுல ஆரம்பிக்கட்டும்?

பதில்: பரண்ல மட்டும் ஆரம்பிச்சுடாதீங்கம்மா, அடுத்த ஆடியும் வந்துடும். பரணுக்குக் கெடு கிடையாது, இன்னைக்கு ஒழிச்சாலும் ஒண்ணுதான் தை மாசம் ஒழிச்சாலும் ஒண்ணுதான். ரயில் டிக்கெட்டும், ஸ்கூட்டி பழகறதுக்கு வாங்குற எல்எல்ஆரும் (பழகுநர் உரிமம்) அப்படி இல்லை, தேதி போட்டு நம்மளை விரட்டும்.

முதல்ல ரயில். 60 நாளைக்கு முன்னாடியே ஐஆர்சிடிசில புக்கிங் திறந்துடும், சீட்டு கம்மி, சனி ஞாயிறுக்கு அடிதடி, நீங்க வாரநாள்ல பாருங்க. இப்பவே போட்டா புரட்டாசிக்குள்ள போயிட்டு வந்துடலாம், ஐப்பசி மழையில மண் சரிஞ்சா வண்டியை ரத்து பண்ணிடுவாங்க. காலையில 7.10க்கு மேட்டுப்பாளையத்துல கிளம்பும், 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், பஸ்ல போனவங்க அதுக்குள்ள ரூம் போட்டு தூங்கியே எழுந்திருப்பாங்க, இருக்கட்டுமே. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச பட்டை வரும், இன்ஜின் முன்னாடி நின்னு இழுக்காது, பின்னாடி நின்னு தள்ளும், கரக் கரக்னு அந்தச் சத்தம் காலுக்கு அடியில கேட்டுக்கிட்டே இருக்கும். ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்க நிறுத்துவாங்க, எல்லாரும் இறங்கி நிப்பாங்க, கையில தீனி எதுவும் வச்சிருக்காதீங்க, என் பன்னைக் குரங்கு பிடுங்கிட்டு ஸ்டேஷன் கூரை மேல உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு சாப்பிட்டுச்சு!

ஸ்கூட்டிக்கு முதல்ல எல்எல்ஆர் போடுங்க, உங்க வயசுக்கு டாக்டர் கிட்ட மெடிக்கல் சர்டிபிகேட்டும் வாங்கணும். எல்எல்ஆர் வந்து 30 நாள் கழிச்சுதான் டெஸ்ட், 6 மாசம் தாண்டினா அது காலாவதி, மறுபடி முதல்ல இருந்து அலையணும். அந்த பயம்தான் நம்மளை ஓட்ட வைக்கும். புருஷன், தம்பி இவங்ககிட்ட மட்டும் கத்துக்காதீங்க, ரோட்டுலயே திட்டுவாங்க. நான் 47 வயசுல எட்டு போடப் போய் பாதியில காலை ஊனிட்டேன், பின்னாடி நின்ன காலேஜ் பொண்ணுங்க சிரிச்சது இன்னும் காதுல கேக்குது. ஒரு வாரம் கழிச்சு மறுபடி போனேன், அதுலயும் ஊனினேன், மூணாவது தடவைதான் லைசென்ஸ் கிடைச்சுது.

அப்புறம் இந்தப் பரண். எங்க வீட்டுப் பரண்ல செத்துப்போன டிவியோட அட்டைப்பெட்டி தெர்மகோலோட பத்து வருஷம் பத்திரமா இருந்துச்சு, வச்சது யாருன்னு நினைக்கிறீங்க, நான் இல்லை. உங்க வீட்டுலயும் மேல இருக்கிறதுல பாதி அவரோடதாத்தான் இருக்கும். போகிக்குக் கொளுத்திக்கலாம்னும் விட்டுடாதீங்க, பிளாஸ்டிக்கும் ரெக்சினும் எரிச்சா தெருவே இருமும், பழைய இரும்புக்காரர் வண்டி வர்ற அன்னைக்கு ஒவ்வொரு மூட்டையா இறக்கினா போதும். டிக்கெட் ஒண்ணு போடறதா ரெண்டு போடறதாங்கிறது உங்க இஷ்டம். ஒண்ணுதான்னா, நீங்க ஊட்டி போற அன்னைக்கு பரண் வேலையை அவர்கிட்டயே ஒப்படைச்சுட்டுப் போங்க, வீட்டை ஒழுங்கு பண்ணணும்னு சொன்னது அவர்தானே.

கேள்வி: வயசு 27, சென்னை, ஐடி வேலை. ஹிந்தி கத்துக்க ஆப் போட்டேன், ரெண்டே வாரத்துல விட்டுட்டேன். கிடார் வாங்கினேன், இப்ப அது மேல துண்டு காயுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி. ஆப்பை விட்டா கேக்க ஆள் கிடையாது, பரீட்சைக்குப் பணம் கட்டினா நம்ம மனசே கேக்கும். 1918ல ஆரம்பிச்ச தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபா தி.நகர்ல இருக்கு, பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் பரீட்சை நடக்கும், பிராத்மிக்ங்கிற ஆரம்ப நிலைப் பரீட்சையில இருந்து தொடங்குங்க, பக்கத்துல ஆறாங்கிளாஸ் பையன் உட்கார்ந்து எழுதுவான், வெக்கப்படாதீங்க. கிடாரை வித்துடுங்க. துண்டு காயப்போட கொடி வாங்கினா நூறு ரூபாய் கூட ஆகாது.