போலோ ஜிடி வாங்கலாமா? விலை இருக்கட்டும், மாதச் செலவைப் பார்ப்போம்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 31. கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை. பிடித்தம் போக 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. துடியலூரிலிருந்து பீளமேடு போய்வர தினமும் 34 கிலோமீட்டர், இப்போதைக்கு பைக்கில். 2017 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒன்று பார்த்திருக்கிறேன். செகண்ட் ஓனர், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 5.4 லட்சம் சொல்கிறார்கள். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன். அப்பா "ஸ்விஃப்ட் போதும்டா" என்கிறார். மனைவி "உங்க இஷ்டம்" என்கிறாள். அந்தக் குரல்தான் பயமாக இருக்கிறது. மாதம் எவ்வளவு ஆகும் என்று உள்ளபடி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், துடியலூர்)

பதில்: உங்கள் மனைவியின் குரலை விட்டுவிட்டு மற்றதற்குப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்திருப்பது நல்ல வண்டிதான். 1.2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி வைத்தது), 105 பிஎஸ் திறன், 175 நியூட்டன் மீட்டர் இழுவை. இந்தக் காலத்தில் 105 பெரிய எண் இல்லை. ஆனால் டர்போவின் இழுவை கீழ் ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுவதால், ஊட்டி ரோட்டில் கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் ஏன் இத்தனை பேர் இந்தக் காரைக் கொண்டாடினார்கள் என்று புரியும். 2013-இல் இந்தியாவுக்கு வந்தது. 2022-இல் போலோ தயாரிப்பே இங்கே நின்றுவிட்டது. பழைய வண்டிகளின் விலை இறங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் பெட்ரோல். காகிதத்தில் லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஊருக்குள் பத்து, பதினொன்று. ஹைவேயில் நிதானமாகப் போனால் 15. அலுவலகத்துக்கு மாதம் 850 கிலோமீட்டர், வார இறுதிக்கு ஒரு 250, ஆக 1,100. சராசரி 11 என்றால் 100 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 10,100. அதே தூரத்தை அப்பா சொல்லும் ஸ்விஃப்ட் 70 லிட்டர் சொச்சத்தில் ஓடிவிடும். வித்தியாசம் மாதம் மூவாயிரம். இன்னொன்று, 2017 வண்டி இப்போது பம்புகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். எரிபொருள் ரப்பர் குழாய்களையும் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 250 கிலோமீட்டரை நான் குறைத்தே போட்டிருக்கிறேன். முதன்முதலாக நான் ஒரு டர்போ கார் வைத்திருந்தபோது செலவை நோட்டுப் போட்டு எழுதினேன். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், குன்னூருக்கு டீ குடிக்க மட்டும் ஒன்பது முறை போயிருக்கிறேன். வீட்டில் டீத்தூள் இல்லாமல் இல்லை. வண்டி நன்றாக இருந்தால் வேலையே இல்லாமல் வெளியே கிளம்புவீர்கள். அந்தச் செலவு எந்த ஷோரூம் கணக்கிலும் வராது.

இன்சூரன்ஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2022 ஜூனிலிருந்து 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416. உங்கள் வண்டி 1,197 சிசி, அதனால் இரண்டாவது. சொந்தச் சேதத்துக்கான பகுதி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 15,000 ஒதுக்குங்கள். இத்தனை வயதான வண்டிக்கு ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் பாகங்களின் விலையைத் தரும் பாலிசி, தர பல கம்பெனிகள் தயங்கும். அது இல்லாவிட்டால் க்ளெய்மில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை உங்கள் தலையில். இன்றைய பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக்தானே!

டயர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 195/55 ஆர்16 சைஸில் நல்ல டயர் நான்கு போட்டால் 30,000 ஆகும். ஒழுங்காக ஓட்டினால் மூன்று வருடம் வரும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் மாதாமாதம் டயரைக் கதறவிட்டால் இரண்டே வருடம். வருடத்துக்குப் பத்தாயிரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சர்வீஸ், பிரேக் பேட், பேட்டரி, சில்லறை வேலைகள் எல்லாவற்றுக்கும் வருடம் 18,000. ஆயில் மாற்ற 15,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்று புத்தகத்தில் இருக்கும். டர்போ வண்டி, ஊருக்குள் ஓட்டம் என்றால் நான் அதில் பாதிக்கு மேல் விடமாட்டேன். ஆயில் விலை டர்போ விலையில் ஒரு சிறு துண்டுதான்.

இனி கியர்பாக்ஸ். உங்கள் கேள்வியின் உயிரே இங்குதான் இருக்கிறது.

இந்த வண்டியில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி, தானே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக். மெக்கானிக்குகள் டிக்யூ200 என்பார்கள். உள்ளே இரண்டு கிளட்ச். இரண்டும் உலர் கிளட்ச், அதாவது சூட்டைத் தணிக்க அவற்றைச் சுற்றி ஆயில் கிடையாது. ஹைவேயில் வெண்ணெய் மாதிரி கியர் மாறும். சிக்னலில் அடி அடியாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்து சூடேறும். கிளட்சையும் கியரையும் இயக்க மெக்கட்ரானிக் என்று ஒரு பெட்டி உண்டு. கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக்கும் ஒன்றாகச் சேர்ந்தது. தலைவலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களை இந்தக் கியர்பாக்ஸ் கோளாறுக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்தது. அதற்காக எல்லா வண்டியும் கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கெட்டால், மெக்கட்ரானிக்கோடு கிளட்சும் சேர்ந்து போனால், பில் லட்சத்தைத் தாண்டும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அதை மாதச் செலவாகவே எழுதுகிறேன்: 4,000. ஒன்றும் ஆகவில்லை என்றால் பணம் உங்களிடமே இருக்கும்.

கூட்டிப் பார்ப்போம். பெட்ரோல் 10,100, இன்சூரன்ஸ் 1,250, சர்வீஸ் 1,500, டயர் 830, கியர்பாக்ஸ் உண்டியல் 4,000. மொத்தம் 17,680. 3.5 லட்சம் லோனை 13 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்குப் போட்டால் இஎம்ஐ 9,400 பக்கம் வரும். ஆக மாதம் 27,000. உங்கள் சம்பளத்தில் பத்தில் நாலு பங்குக்கும் மேல். அதோடு கையில் இருக்கும் இரண்டு லட்சத்தில் 1.9 லட்சம் அன்றைக்கே போய்விடும். மூன்றாவது மாதமே கியர்பாக்ஸ் விளக்கு எரிந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. உண்டியலில் அப்போது 12,000 ரூபாய்தான் இருக்கும்.

அதனால் இப்போது வாங்காதீர்கள். கார் வேண்டாம் என்று சொல்லவில்லை, எட்டு மாதம் தள்ளிப்போடச் சொல்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து இந்த 27,000-இல் பைக்குக்கு இப்போது ஆகும் மூவாயிரம் போக 24,000-ஐத் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். எட்டு மாதத்தில் 1.92 லட்சம் சேரும். தொடாமல் சேர்க்க முடிந்தால் இந்தக் காரை உங்களால் வைத்துக்கொள்ள முடியும். நடுவில் இரண்டு முறை அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் அப்பா சொன்ன ஸ்விஃப்டைப் பாருங்கள். அதுவும் மலையேறும்.

சேர்த்த பிறகும் இதே 2017 வண்டிக்குப் போக வேண்டுமா என்று கேட்டால், நானாக இருந்தால் போகமாட்டேன். 2020-இல் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவைத் தேடுவேன். 110 பிஎஸ், அதே 175 நியூட்டன் மீட்டர். ஜிடியில் டிஎஸ்ஜி போய், டார்க் கன்வெர்ட்டர் (உலர் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துவது) வைத்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. மற்ற மாடல்களில் அதே இன்ஜினோடு மேனுவலும் உண்டு. மூன்று சிலிண்டர் என்பதால் சத்தத்தில் பழைய 1.2-இன் மெருகு இல்லை, விலையும் கூடுதல். ஆனால் அந்த 4,000 உண்டியலைப் பாதியாக்கலாம். 999 சிசி என்பதால் மூன்றாம் நபர் கட்டணமும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனும் 998 சிசி, 120 பிஎஸ். அதில் டிசிடி (டிஎஸ்ஜி போலவே இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வேண்டாம், மேனுவல் கிடைத்தால் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. "ஸ்டேஜ் ஒன் ரீமேப் பண்ணியிருக்கு சார், ராக்கெட்" என்று, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி இழுவையைக் கூட்டியிருப்பதாகச் சொல்லி, யாராவது விற்றால் வாங்காதீர்கள். டிக்யூ200 தாங்குவது 250 நியூட்டன் மீட்டர்தான். அந்த எல்லையை நெருங்கி ஓட்டிய வண்டியை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் க்ளெய்மை மறுக்கவும் வாய்ப்புண்டு. அதேபோல செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரலாம், கோவைக்காரருக்கு வராமல் இருக்காது. போங்கள். ஆனால் பந்தயம், வேகச் சோதனை எல்லாம் சாதாரண பாலிசியில் சேராது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

எந்த டிஎஸ்ஜி வண்டியைப் பார்க்கப் போனாலும் காலையில் போங்கள். வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, சூடான பிறகு ஒரு மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். நடுங்கினால் விட்டுவிடுங்கள். டிஎஸ்ஜி தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட்டுக் கிளட்ச் தேய்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் செலவாகும். ஸ்கேனர் எல்லாம் எதற்கு என்று ஓனர் இழுத்தால், கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு பைக்கிலேயே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.