மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் புரூம் எப்படிப்பட்ட ஊர்? அதன் வரலாறு என்ன?

என் கணவருக்கு வேலை கிடைத்ததால் இரண்டு வருடம் புரூமில் குடியிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. புரூமைப் பற்றி யாரைக் கேட்டாலும் 'முத்து ஊர்' என்பார்கள். கொற்கை முத்து, சலாபம் (முத்துக்குளிப்பு) என்றெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு, இன்னொரு முத்து ஊர் என்றதும் பாதிச் சொந்தம் போலத்தான் தோன்றியது. போன ஒரு மாதத்தில் புரிந்துவிட்டது. அந்த ஊரைக் கட்டி எழுப்பியது முத்தைவிடச் சிப்பிதான்.

எங்கள் மன்னார் வளைகுடாச் சிப்பி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, அலசி, முத்தைப் பொறுக்கிய பிறகு ஓட்டுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. புரூம் சிப்பி சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். முதன்முதலாக ஒன்றைக் கையில் வாங்கியபோது அதன் கனத்தை எதிர்பார்க்காமல் கை தாழ்ந்துவிட்டது. வெளிப்பக்கம் கரடுமுரடாக, பாசி படிந்த பாறைத் துண்டு மாதிரி. திருப்பினால் உட்பக்கம் முழுக்கப் பால் வெள்ளை, சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் இளம்பச்சையும் ரோஜா நிறமும் ஓடும். இந்த ஓடுதான் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் டன் கணக்கில் போனது. சட்டைப் பொத்தான், கத்திக் கைப்பிடி, சீப்பு எல்லாம் இதில் செய்தார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் உலகச் சந்தைக்கு வந்த சிப்பி ஓட்டில் பெரும்பங்கு புரூமிலிருந்து போனதுதான். ஏறக்குறைய 400 படகுகள் தொழிலில் இருந்தன. முத்து கிடைத்தால் அது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

சரி, ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெர்த்திலிருந்து சாலையில் 2,200 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் போனாலே இரண்டரை மணி நேரம் ஆகும். பக்கத்து ஊர் என்று சொல்ல வேண்டுமானால் கிழக்கே டெர்பி, 220 கிலோமீட்டர். தெற்கே போர்ட் ஹெட்லண்ட், 600 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் போட ஒன்றிரண்டு இடம் வரும், அப்புறம் வெறும் புதர்க்காடு. மழைக்காலத்தில் சாலை வெள்ளத்தில் அறுந்தால் கடையில் காய்கறித் தட்டுகள் காலியாகிவிடும். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15,000-க்குக் கொஞ்சம் குறைவு.

மண் சிவப்பு. நம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு புரியும். அங்கே அதைப் 'பிண்டான்' என்கிறார்கள். வெள்ளைத் துணி எதுவும் வெள்ளையாக இருக்காது. அந்தச் சிவப்பு நிலம் வெள்ளை மணலில் இறங்கி, மணல் பச்சை நீலக் கடலில் இறங்கும். நம் பக்கம் பொந்தன்புளி என்போமே, அந்த மரத்தின் இனமே ஒன்று அங்கேயும் வளர்கிறது. மன்னாரிலும் ராமநாதபுரத்திலும் பார்த்த அதே குண்டு அடிமரத்தைப் புரூமின் தெருவோரத்தில் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

ஆனால் அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கடல் வற்றத்தைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. புரூமில் கிட்டத்தட்ட 10 மீட்டர். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் சேறுதான் கிடக்கும், கடல் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல்கள் துறையில் கட்டியபடியே சேற்றில் உட்கார்ந்துவிடுமாம். ஊரில் எல்லாருடைய வீட்டிலும் ஓர் ஏற்றவற்ற அட்டவணை தொங்கும். மீன்பிடிக்கவும் நடக்கவும் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நன்றாக வற்றியிருக்கும்போது நிலா எழுந்தால், ஊரை ஒட்டிய ரோபக் விரிகுடாவின் ஈரச் சேற்றில் வெளிச்சம் படிப்படியாக விழும். 'நிலாவுக்குப் போகும் படிக்கட்டு' என்பார்கள். படத்தில் பார்ப்பதைவிட நேரில் மங்கல்தான். இருந்தாலும் ஊரே கரையில் பாய் விரித்து உட்கார்ந்து அமைதியாகப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி வரலாறு. அது யாவூரு என்ற ஆதிக்குடி மக்களின் மண். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ருபிபி. சிப்பி ஓட்டை அவர்கள் காலங்காலமாக அலங்காரத்துக்கும் சடங்குக்கும் பயன்படுத்தி, உள்நாட்டுக்குப் பண்டமாற்றாக அனுப்பியிருக்கிறார்கள். 1883-ல்தான் அரசாங்கம் அங்கே ஊர் அறிவித்து, ஆளுநர் பிரெடரிக் புரூமின் பெயரைச் சூட்டியது. 1889-ல் ஜாவாவின் பன்யுவாங்கியிலிருந்து கடலடித் தந்திக் கம்பி வந்து கரையேறியது. இன்று சுற்றுலாக்காரர்கள் ஒட்டகத்தில் போகும் கேபிள் பீச்சுக்குப் பெயர் வந்தது அதனால்தான். தந்தி நிலையத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் இப்போது நீதிமன்றம் நடக்கிறது.

சிப்பித் தொழிலின் தொடக்கம் கொடுமையானது. சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தில் இது ஒரு வரியில் முடிந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூழ்கும் உடை வருவதற்கு முன்பு, அந்தக் கடற்கரை நெடுக ஆதிக்குடி மக்களைப் பிடித்து வந்து படகில் ஏற்றி, வெறும் மூச்சில் மூழ்க வைத்தார்கள். பெண்களையும் விடவில்லை. கர்ப்பிணிகளுக்கு மூச்சுப் பிடிப்பு அதிகம் என்று நம்பி அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 1870களில் பெண்களை மூழ்க வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கரையில் போட்ட சட்டம் படகு வரை போய்ச் சேரவில்லை. இன்று கடற்கரை ஓரத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது: வயிறு நிறைந்த பெண் ஒருத்தி, கையில் சிப்பியோடு தண்ணீரிலிருந்து மேலெழுகிறாள். நான் என் மகளைச் சுமந்துகொண்டிருந்த மாதங்களில் மாலை நடை போவது அந்தப் பக்கம்தான். பல நாள் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறேன்.

1880களில் செம்புத் தலைக்கவசமும் கித்தான் உடையும் ஈயம் வைத்த காலணியும் வந்தன. ஆழம் போக முடிந்தது. அதோடு மூழ்குபவர்களும் மாறினார்கள். ஜப்பானின் வக்காயாமா கடற்கரையிலிருந்து, குறிப்பாகத் தாய்ஜி பக்கமிருந்து இளைஞர்கள் வந்தார்கள். மலாய்க்காரர்கள், திமோரின் கூப்பாங்கிலிருந்து வந்தவர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், கடையும் உணவகமும் நடத்திய சீனர்கள் என்று ஊர் நிறைந்தது. 1901-ல் ஆஸ்திரேலியா வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுக்கும் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தபோது சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1912-ல் பிரிட்டிஷ் கடற்படைப் பயிற்சி பெற்றவர்களை வரவழைத்து ஆசியர்களுக்குப் பதிலாக மூழ்க வைத்துப் பார்த்தார்கள். சிப்பியும் போதுமான அளவு கிடைக்கவில்லை, உயிரும் போனது. சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். கடலடியில் சிப்பியைக் கண்டுபிடிப்பது தனிக் கண். பாசியும் மணலும் மூடிய ஓட்டை, கலங்கிய தண்ணீரில், படகு இழுத்துக்கொண்டு போகும் வேகத்தில் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ச் சங்கு குளிப்பவர்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் அங்கே பெயர் வாங்கியிருக்கிறார். இலங்கையிலிருந்து போன சிங்களவர் டி.பி. எல்லிஸ். முத்தைச் சீர்செய்வது அவர் தொழில். வெங்காயம் மாதிரி முத்தும் அடுக்கடுக்காக இருக்கும். மேல் அடுக்கில் புள்ளியோ சொட்டையோ இருந்தால் அதை மட்டும் உரித்தெடுப்பார். அடியில் பழுதற்ற தோல் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். பழுது உள்வரை போயிருந்தால் உரிக்க உரிக்க முத்தே இல்லாமல் போய்விடும். எந்த அடுக்கில் நிறுத்த வேண்டும் என்பதுதான் வித்தை.

புரூமில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் ஜப்பானியர் கல்லறையைத்தான் சொல்வேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 700-க்கு மேல் கல்லறைகள், 900-க்கு மேற்பட்ட மனிதர்கள். நம் மனதில் இருக்கும் வழவழப்பான பளிங்கு இல்லை. பெரும்பாலும் அந்தக் கடற்கரையிலேயே எடுத்த மணற்பாறை, உளி பட்ட முகம் மட்டும் சமமாக, மற்ற பக்கமெல்லாம் பாறையாகவே. அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு மண் தெறித்து ஏறியிருக்கும். ஒருமுறை போனபோது ஒரு ஜப்பானிய முதியவர் கல் கல்லாகக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிலவற்றை வாசித்துச் சொன்னார். பெயர், இறந்த நாள், ஊர். ஊர் என்று வரும்போதெல்லாம் வக்காயாமா, மறுபடி வக்காயாமா. வயதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. இருபத்துமூன்று. இருபது. இருபத்தாறு.

பலரைக் கொண்டுபோனது ஆழம். ஆழத்தில் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் குமிழாகி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் அடைத்துக்கொள்ளும். கை கால் விழுந்துவிடும், உயிரும் போகும். 1914-ல் மட்டும் 33 பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். இன்னும் பலரைக் கொண்டுபோனது புயல். 1887 புயலிலும் 1935 புயலிலும் 140 பேர் வீதம், 1908-ல் 150 பேர். அவர்களில் பலருக்கு உடலே கிடைக்கவில்லை. நாமும் புயலுக்குப் பின் கரையில் காத்திருந்த ஊர்க்காரர்கள்தானே. அந்தக் கற்களுக்கு நடுவே நிற்கும்போது வேறு நாட்டில் நிற்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் புரூமில் இருந்த ஜப்பானியர்களை, பல வருடம் அங்கேயே வாழ்ந்தவர்களைக்கூட, முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942 மார்ச் 3 காலையில் ஜப்பானிய ஜீரோ போர் விமானங்கள் வந்து ஊரைத் தாக்கின. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் விரிகுடாவில் மிதந்த பறக்கும் படகுகளுக்குள்ளேயே (தண்ணீரில் இறங்கும் விமானங்கள்) இருந்தன. கடல் வற்றியிருந்ததாலும் ஏற்றிச் செல்லப் போதிய படகு இல்லாததாலும் அவர்களால் கரைக்கு வர முடியவில்லை. குறைந்தது 88 பேர் இறந்தார்கள், பலர் பெண்களும் குழந்தைகளும். வருடத்தில் சில நாள், கடல் மிகவும் வற்றும்போது அந்த விமானங்களின் மிச்சத்தைச் சேற்றில் நடந்து போய்ப் பார்க்கலாம். எஞ்சின் மேல் சிப்பியும் பவளமும் ஒட்டி வளர்ந்திருக்கும். ஏற்றம் திரும்புவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும்.

போருக்குப் பிறகு பிளாஸ்டிக் பொத்தான் வந்தது, ஓட்டுச் சந்தை சரிந்தது. ஊரைக் காப்பாற்றியது வளர்ப்பு முத்து. 1956-ல் புரூமுக்கு வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், குரி பே என்ற ஒதுக்குப்புறத்தில் ஜப்பானியர்களோடு சேர்ந்து முதல் பண்ணை போட்டார்கள். இன்று நகைக்கடைகளில் 'தென்கடல் முத்து' என்று விற்பது அந்தப் பெரிய சிப்பியில் விளைவதுதான்.

அந்த நூறு வருடத்தின் மிச்சம் இப்போதைய ஊர்க்காரர்களின் முகத்தில் இருக்கிறது. ஆதிக்குடி, ஜப்பான், மலாய், சீனம், பிலிப்பைன்ஸ் எல்லாம் ஒரே குடும்பத்தில் கலந்திருக்கும். என் பக்கத்து வீட்டு அம்மா சோற்றோடு மீன் குழம்பும் சோயா சாஸும் மிளகாயும் வைப்பார். முதல் நாள் நான் கொடுத்த கொடுவா மீன் குழம்பை (அங்கே அதற்குப் பாரமுண்டி என்று பெயர்) ருசி பார்த்துவிட்டு, "இது எங்க பாட்டி வைக்கிற மாதிரி இருக்கே" என்றார். அந்தக் கலப்பு சுலபமாக வந்ததில்லை. சைனாடவுனில் 1916-ல் தொடங்கிய சன் பிக்சர்ஸ் என்ற திறந்தவெளித் திரையரங்கு இன்னும் ஓடுகிறது. அங்கே பல ஆண்டுகள் வெள்ளையர்களுக்கு நல்ல இருக்கை, ஆதிக்குடியினருக்குத் தனி வாசல். பக்கத்து வீட்டு அம்மா சிறுமியாக அந்தத் தனி வாசல் வழியாகத்தான் படம் பார்க்கப் போயிருக்கிறார். இன்று அதே இடத்தில் சாய்வு நாற்காலியில் பேரனோடு உட்கார்ந்து, தலைக்கு மேல் தாழப் பறந்து இறங்கும் விமானத்தைக் காட்டிச் சிரிக்கிறார். 2006-ல் நீதிமன்றம் யாவூரு மக்களின் நில உரிமையை ஏற்றது. ஊரில் எதைக் கட்டுவது என்றாலும் இப்போது அவர்கள் குரல் இருக்கிறது.

போவதாக இருந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். கோடையில் புழுக்கம் தாங்காது, புயல் பயம், கடலில் கொட்டும் சொறிமீன்கள் வேறு. டிக்கெட் போடும் முன் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். கடல் மிகவும் வற்றும் நாளில் காந்தோம் முனைப் பாறையில் 13 கோடி வருடத்துக்கு முந்தைய டைனோசர் கால்தடங்கள் வெளியே தெரியும். கல்லறைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். நிழல் அதிகம் இல்லாத இடம், வெயில் ஏறினால் நின்று வாசிக்க முடியாது.