குழந்தையின் சளிக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு எட்டு மாதம், எட்டு கிலோ இருக்கிறான். சளி பிடித்தால் மாமியார் ஒரு ஸ்பூன் பிராந்தியை வெந்நீரில் கலந்து புகட்டுகிறார். கொஞ்சம் நெஞ்சிலும் தடவிவிடுகிறார். குழந்தையும் அசந்து தூங்கிவிடுகிறான். பிரசவம் ஆனபோது எனக்கும் கொடுத்தார்கள். கணவர் குளிர் காலத்தில் ரம்மில் மிளகுப்பொடி போட்டுக் குடிப்பார். மாமனார் இதயத்துக்கு நல்லது என்று தினமும் ஒரு பெக். இதில் எது உண்மை, எது பொய்? மாமியாரிடம் எப்படிச் சொல்வது?"

குழந்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மற்றவர்கள் காத்திருக்கலாம். கொடுக்கக் கூடாது. ஒரு ஸ்பூனும் கூடாது, தடவவும் கூடாது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீட்டு பிராந்தி பாட்டிலை எடுத்து லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் 5 மில்லி ஸ்பூனில் இரண்டு மில்லிக்குச் சற்று மேல் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சுமார் 1.7 கிராம். உள்ளே போன ஆல்கஹால் உடம்பிலுள்ள நீர் முழுவதும் பரவும். எட்டு கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் நீரே ஐந்து லிட்டர் சொச்சம்தான். வகுத்துப் பார்த்தால் 100 மில்லி இரத்தத்துக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் வருகிறது.

இந்த எண்ணை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்குப் போட வைத்திருக்கும் வரம்பு இதே 30 மில்லிகிராம்தான். போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்ளும் நிலையில் தொட்டிலில் படுத்திருக்கிறான் உங்கள் மகன். உங்கள் கணவர் அறுபது கிலோ என்றால், அவர் ஏழெட்டு ஸ்பூனை ஒரே மடக்கில் விட்டதற்குச் சமம். வெந்நீர் கலந்தால் காரம்தான் குறையும், உள்ளே போகும் ஆல்கஹால் குறையாது.

அவரைப் போல இவனால் அதைக் கரைத்து வெளியேற்றவும் முடியாது. ஆல்கஹாலை உடைக்கும் நொதி கைக்குழந்தையின் கல்லீரலில் குறைவாகத்தான் இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து இரத்தச் சர்க்கரை. நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் கல்லீரல்தான் புதிதாகச் சர்க்கரை தயாரித்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. ஆல்கஹால் வந்தால் அந்த வேலை தடைபட்டுப் போகும். மூக்கடைத்துக்கொண்டு பகல் முழுக்கச் சரியாகப் பால் குடிக்காத குழந்தை, கையிருப்பும் தீர்ந்த நிலையில் இருக்கும். அந்த நேரம் பார்த்து பிராந்தி கொடுத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும், வலிப்பு வரலாம். "அசந்து தூங்குகிறான்" என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குத் திக்கென்றது. சளி குறைந்த தூக்கம் இல்லை அது, மயக்கத் தூக்கம். மூக்கு அடைத்தபடியேதான் இருக்கிறது. அழுது சொல்லத்தான் அவனுக்குத் தெம்பு இல்லை.

நெஞ்சில் தடவுவதும் இதே கதைதான். பிஞ்சுத் தோல் வழியாகவும் மூச்சோடும் கொஞ்சம் உள்ளே போகும். பிராந்தி ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கோத்தகிரிக் குளிரில் குழந்தையை நனைத்து விசிறுவது போலத்தான்.

இனி எப்போதாவது யாராவது கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், குழந்தை விழித்திருக்கிறானா, கூப்பிட்டால் பார்க்கிறானா, பால் குடிக்கிறானா என்று பாருங்கள். துவண்டு போயிருந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விழிப்பாக இருந்தால் மட்டும் வழியில் தாய்ப்பால் கொடுக்கலாம். மருத்துவமனையில் பிராந்தி கொடுத்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "என்னவென்றே தெரியவில்லை டாக்டர்" என்று நிற்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். சொல்லியிருந்தால் முதலில் சர்க்கரையைத்தான் பார்த்திருப்போம்.

மாமியாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் டாக்டர்களே இதைச் செய்தவர்கள்தான். பிராந்தியும் விஸ்கியும் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலில் 1916 வரை இருந்தன. வீட்டுக்கு வீடு இருக்கும் கிரைப் வாட்டரை 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் தயாரித்தபோது அதிலும் ஆல்கஹால் இருந்தது. பிற்பாடுதான் எடுத்தார்கள். பிராந்தி சாப்பிட்ட குழந்தைகள் எல்லாம் பிழைத்து வளர்ந்துதானே இருக்கிறார்கள் என்று மாமியார் கேட்பார். உண்மைதான். சாதாரணச் சளி ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும், அதில் பிராந்தி பெயர் வாங்கிக்கொண்டது. பிழைக்காத குழந்தைகளைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் கணக்கு வைக்கவில்லை.

சரி, சளிக்கு என்னதான் செய்வது? மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பால் கொடுங்கள். மூக்கு திறந்தால் பால் இறங்கும், பால் இறங்கினால் தூக்கம் வரும். அடிக்கடி தாய்ப்பால், காற்று வந்துபோகும் கதகதப்பான அறை, அவ்வளவுதான். இந்த வயதுக்குத் தேனும் வேண்டாம். ஒரு வயது நிறையும் முன் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும் அபாயம் உண்டு. ஒரு வயதைத் தாண்டிய பிறகு, படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் இருமலுக்கு நல்ல மருந்துதான், தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்து உங்கள் விஷயம். "பிள்ளை பெற்ற உடம்பு, பச்சை உடம்பு, சூடு வேண்டும்" என்றுதான் பிராந்தி கொடுக்கிறார்கள். பிரசவ அசதிக்கு அது ஒரு மயக்கம் தரும், வலி கொஞ்சம் மறக்கும், அவ்வளவே. கர்ப்பப்பை சுருங்குவதற்கும் பால் சுரந்து வெளியே வருவதற்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். ஆல்கஹால் அதைக் குறைக்கிறது. உங்கள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு பாலிலும் இருக்கும். பால் கூடட்டும் என்று கொடுத்தால் பால் குறையும், குறைந்த பாலிலும் சரக்கு கலந்திருக்கும். பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் இதைவிட எவ்வளவோ மேல். சாப்பிடத் தோன்றவாவது செய்யும்.

இந்த இடத்தில் தசமூலாரிஷ்டம் பற்றிக் கேட்பீர்கள். அரிஷ்டம், ஆசவம் என்று பெயர் வரும் ஆயுர்வேத மருந்துகள் எல்லாமே புளிக்கவைத்துத் தயாரிப்பவை. மூலிகைக் கஷாயத்தில் வெல்லமும் தாதகிப்பூவும் போட்டு மூடிவைப்பார்கள், ஆல்கஹால் தானாகவே உண்டாகும். லேபிளில் சதவீதம் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள், பீரைவிடக் குறைவாக இருக்காது. பால் கொடுக்கும்போது நீங்களாகவே வாங்கிக் குடிக்காமல் டாக்டரையோ வைத்தியரையோ கேட்டுவிட்டு எடுங்கள்.

கணவரின் மிளகு ரம்முக்கு வருவோம். குடித்தவுடன் முகம் சிவந்து உடம்பு சூடாவது நிஜம்தான். ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? தோலுக்கடியில் இருக்கும் இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே காப்பாற்றி வைத்திருந்த சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டுகின்றன. தோலுக்கு இதமாக இருக்கும்போதே உள்ளுடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும். மலைப் பிரதேசத்தில் குடித்துவிட்டு வெட்டவெளியில் தூங்கிப்போகிறவர்கள் விறைத்துப்போவது இதனால்தான். தொண்டைக்கு இதம் கிடைப்பது மிளகாலும் வெந்நீராலும். ரம்மை எடுத்துவிட்டு மிளகு ரசமாகக் குடித்தாலும் அதே பலன்தான். சளி மாத்திரையும் போட்டுக்கொண்டு ரம்மும் குடித்தால் இன்னும் மோசம். அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமினோ செட்ரிசினோ இருக்கும், பாராசிட்டமாலும் இருக்கும். முதல் இரண்டும் மயக்கத்தைக் கூட்டும், பாராசிட்டமாலும் மதுவும் சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால், குழந்தைக்குச் சொன்ன அதே சர்க்கரை இறக்கம் அவர்களுக்கும் வரலாம். தள்ளாடுவதைப் பார்த்து "போதை" என்று சுற்றியிருப்பவர்கள் விட்டுவிடுவார்கள்.

மாமனாரின் ஒரு பெக்குக்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமாகச் சாப்பிட்டும் மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, அவர்கள் குடிக்கும் ஒயின்தான் காரணமோ என்று 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பேசினார்கள். அடுத்த ஆண்டே செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. பிறகு அந்த மாதிரி ஆய்வுகளைக் கிண்டிப் பார்த்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. "குடிக்காதவர்கள்" என்று எண்ணியவர்களில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தான் தெரிவார். அளவாகக் குடிப்பவர்கள் பொதுவாகவே வசதியாக, நன்றாகச் சாப்பிட்டு, நடைப்பயிற்சி போகிறவர்களாகவும் இருந்தார்கள். ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைப் பற்றியும் பெரிதாகப் பேசினார்கள். ஒரு லிட்டர் ஒயினில் அது சில மில்லிகிராம்தான். ஆராய்ச்சிகளில் கொடுத்துப் பார்த்ததோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். ஒரு கொத்து கறுப்புத் திராட்சையைத் தோலோடு சாப்பிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. மது புற்றுநோய் உண்டாக்கும் என்பதை அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே உறுதி செய்தது. இன்னொன்று, வெளிநாட்டு ஆய்வுகளில் "ஒரு டிரிங்க்" என்பது சுமார் 10 முதல் 14 கிராம் ஆல்கஹால். நம் ஊர் 60 மில்லி லார்ஜ் பெக்கில் 20 கிராம். மாமனாரின் "ஒன்று" அங்கே கிட்டத்தட்ட இரண்டு. அவர் சொல்லும் அளவு உண்மையிலேயே ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். பல வருடங்களாகத் தினமும் குவார்ட்டர் கணக்கில் குடிப்பவராக இருந்தால், உங்கள் பேச்சைக் கேட்டுத் திடுமென நிறுத்தவும் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரும். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சிறுநீரகக் கல்லுக்கு பீர் என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பீர் குடித்தால் சிறுநீர் கூடுதலாகப் போகும், நிஜம். ஆனால் சிறுநீரை அடக்கிவைக்கும் ஹார்மோனை அது தடுப்பதால் உடம்பிலிருக்கும் நீரும் சேர்ந்து போய்விடும், மறுநாள் காலையில் நாக்கு வறண்டு கிடக்கும். பீரிலிருக்கும் பியூரின் யூரிக் அமிலத்தை ஏற்றும், அதனாலேயே ஒருவகைக் கல் வரும். சிறுநீர் இரண்டரை லிட்டர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் போதும். தண்ணீருக்கு டாஸ்மாக்கில் வரிசையில் நிற்க வேண்டாம்.

இவ்வளவையும் மறுத்த பிறகு, சாராயமே மருந்தாகும் ஒரு இடத்தைச் சொல்லாவிட்டால் அநியாயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் அப்படியே இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கண் நரம்பு போகிறது, உயிரும் போகிறது. மெத்தனாலையும் சாதாரண ஆல்கஹாலையும் உடைப்பது ஒரே நொதி. இரண்டும் வந்தால் அது சாதாரண ஆல்கஹாலைத்தான் முதலில் கவனிக்கும். அதனால் ஃபோமெபிசோல் என்ற மருந்து கைவசம் இல்லாத இடத்தில், அளந்து அளந்து எத்தனால் கொடுத்து அந்த நொதியை வேறு வேலையில் மாட்டிவைப்போம். அதற்குள் டயாலிசிஸ் செய்து மெத்தனாலை வெளியேற்றிவிடலாம். இது முழுக்க மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனையோடு நடக்கும் வேலை.

கடைசியாக, மாமியாரிடம் எப்படிச் சொல்வது. "டாக்டர் திட்டினார்" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். அவருக்குக் குழந்தை மேல் அக்கறை இருக்கிறது, கை சும்மா இருக்க முடியவில்லை, அதுதான் பாட்டிலைத் தேடுகிறது. அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். கடிகாரம் பார்த்து நீங்கள் நேரம் சொல்லுங்கள், அத்தை எண்ணட்டும். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அது வெறும் சளி இல்லை. அன்றைக்கு ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.