அல்சேஷனா, ஜெர்மன் ஷெப்பர்டா?

கேள்வி: தாத்தா காலத்துல இருந்து 'அல்சேஷன்'னுதான் சொல்லிட்டு வர்றோம். இப்ப வாங்குன குட்டியோட பேப்பர்ல 'ஜெர்மன் ஷெப்பர்ட்'னு போட்டிருக்கு. ஏமாந்துட்டமா?

பதில்: அட, இல்லைங்க. நாய் ஒண்ணுதான், பேரை மாத்துனது சண்டை. முதல் உலகப்போர் சமயத்துல இங்கிலாந்துக்காரங்களுக்கு ஜெர்மன்னு கேட்டாலே ஆகாது, அந்தப் பேரோட நாயை யார் வாங்குவா, அதனால ஜெர்மனி எல்லையோரம் இருக்கிற அல்சேஸ் பேரை எடுத்து ஒட்டிவிட்டுட்டாங்க. 1977லதான் நாய் இனங்களைப் பதிவு பண்ற இங்கிலாந்து கென்னல் கிளப் பழைய பேரைத் திரும்பக் குடுத்துச்சு. நம்மாளுங்க வாயில மட்டும் அல்சேஷன் அப்படியே ஒட்டிக்கிச்சு!

கேள்வி: இது நெஜமாவே ஆடு மேய்ச்ச நாயா? எனக்குத் தெரிஞ்சு போலீஸ் நாய்தானே?

பதில்: பேர்லயே ஷெப்பர்ட் இருக்கே சார். 1899 ஏப்ரல்ல ஜெர்மனியில கார்ல்ஸ்ரூங்கிற ஊர்ல நடந்த நாய் கண்காட்சிக்கு மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ்னு ஒரு குதிரைப்படை கேப்டன் போறார், அங்க ஹெக்டர்னு ஒரு மேய்ச்சல் நாயைப் பாத்து மயங்கி வாங்கிடறார், பேரையும் ஹோராண்ட்னு மாத்தி, அதே மாசம் ஒரு சங்கம் ஆரம்பிச்சு பதிவேட்டுல அதை முதல் நம்பரா எழுதிட்டார். இனம்னு எழுத்துல வந்தது அப்பதான், மத்தபடி மேய்க்கிற நாய்ங்க அங்க காலங்காலமா இருந்ததுதான்.

அது மேய்க்கிற விதமே வேற. அங்க வெள்ளாமைக்கு வேலி கெடையாது, நடுவுல இருக்கிற புல்லுத் துண்டுல மந்தை மேயும், நாய் வரப்போரமா அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கணும், ஆடு பயிர்ல வாய் வெச்சா தள்ளிவிடணும். சுருக்கமா நடமாடுற வேலி. அந்தப் பொறுமையும் காவல் புத்தியும் சேர்ந்ததாலதான் போலீஸுக்கும் செட் ஆச்சுன்னு நான் சொல்வேன். மந்தைங்க குறைய ஆரம்பிச்சதும் ஸ்டெஃபானிட்ஸே போலீஸ், ராணுவம்னு வேலை தேடிக் குடுத்தார், வேலை இல்லாத நாய் அவருக்குப் புடிக்காது. 1916ல கண்ணு போன சிப்பாய்ங்களுக்கு வழிகாட்ட ஓல்டன்பர்க்ல நாய்ப் பள்ளிக்கூடமே தொறந்தாங்க, அங்கயும் இதுதான்.

ஜெர்மனில ஸ்டெஃபானிட்ஸ் ஆரம்பிச்ச அந்தச் சங்கம் இன்னும் மேய்ப்புப் போட்டி நடத்துது. உங்க வீட்டு நாய் வாசலுக்கும் ஜன்னலுக்கும் சும்மா நடந்துக்கிட்டே இருந்தா திட்டாதீங்க, அதுக்கு அதான் வரப்பு.