பட்டாளத்தில் விசுவாசம்: ரிட்டயர்டு சுபேதாரிடம் கேளுங்கள்

மெட்ராஸ் ரெஜிமெண்டில் 28 வருஷம் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது பையன்கள் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: அண்ணே, வெலிங்டனில் ரெக்ரூட்டாக இருக்கிறேன். மந்திர் பரேடுக்கு, அதாவது எல்லோரும் அணியாக யூனிட் கோவிலுக்குப் போகும் பரேடுக்கு, போனால் பாவமா?

தம்பி, வரிசையில் போய் நிற்பது வேறு, கும்பிடுவது வேறு. சீரியா ராஜாவின் படைத்தலைவன் நாகமான் இதையேதான் தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்டான்: ராஜா ரிம்மோன் கோவிலில் என் கையில் சாய்ந்துகொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே, என்ன செய்வேன் என்று. சமாதானத்தோடே போ என்றுதான் பதில் வந்தது (2 இராஜாக்கள் 5). இதற்கு வேறு அர்த்தம் சொல்லும் பாஸ்டர்களும் உண்டு, என் மனசுக்குப் பட்டது இது. ஆனால் கருவறைக்குள் வரமாட்டேன் என்ற ஒரு கிறிஸ்தவ லெப்டினென்ட்டின் பணிநீக்கம் செல்லும் என்று 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அவர் ஆட்களை நடத்தும் அதிகாரி, நீ ரெக்ரூட், இரண்டும் ஒன்றல்ல, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள். எதில் உனக்கு உறுத்துகிறதோ அதை முந்தின நாளே உஸ்தாதிடம் (பயிற்சி கொடுப்பவரிடம்) மரியாதையாகச் சொல்லிவிடு, பரேடு நடுவில் முறைத்துக்கொண்டு நிற்காதே. பாதிரியாரிடமும் பேசு, பண்டிட், மௌலவி மாதிரி பாதிரியாரும் ராணுவத்தில் ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) அந்தஸ்துள்ளவர்தான்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. கேண்டீன் ரம் கோட்டாவை வாங்கி வெளியே விற்றால் என்ன?

ஊட்டி குளிருக்கு ஆள் கியூவில் நிற்பான், தெரியும். வேண்டாம். அது சட்டப்படியும் குற்றம். யோர்தான் கரையில் சேவகர்கள் யோவான் ஸ்நானகனிடம் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை, யாருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதுமென்றிரு என்றார் (லூக்கா 3:14). நான் பார்த்த வரையில் பட்டாளத்தில் ஒருவன் சீஷனா இல்லையா என்பது ஜெபக்கூட்டத்தில் தெரியாது, ஸ்டோர் கணக்கிலும் லீவு ரிஜிஸ்டரிலும்தான் தெரியும்.

கேள்வி: ஐயா, மகன் லடாக்கில் இருக்கிறான். பக்கத்தில் சபையே இல்லை. கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்.

அம்மா, இன்னொரு விசுவாசி கிடைத்தால் அதுவே சபை, இரண்டு மூன்று பேர் போதும். ஒருவரும் கிடைக்காத போஸ்டும் உண்டு, அங்கே மனப்பாடமாக இருக்கும் சங்கீதம்தான் துணை. போன் பைபிளை நம்பாதீர்கள், அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். பாக்கெட் அளவு புதிய ஏற்பாடு ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வர்க்கி பாக்கெட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.